திருத்தணியும் ஜாகீர் எல்லைக் கோடும்

1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உதயமானபோது, சென்னை மாநகரிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருத்தணி அம்மாநிலத்தின் எல்லைக்குள் சென்று சேர்ந்தது. முருகனின் ஆறு படைவீடுகளுள் ஒன்றாகத் தமிழ் மக்கள் போற்றும் ஊர் அது. அங்குள்ள பழைய கல்வெட்டுகளில் தமிழ் பேசுகிறது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் பெரும்பான்மையோரின் தாய்மொழியும் தமிழே. மொழியை அளவுகோலாகக் கொண்டு பிரிக்கப்பட்ட ஒரு மாநிலத்தின் பங்கில் இத்தகைய ஊர் எவ்வாறு விழுந்தது?

இவ்வினாவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை, ‘திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, சித்தூர் ஆந்திரத்துக்குப் போனது’ என்பதாகும். இது பிழையான விடையன்று. ஆயினும் பாதி விடைதான். சித்தூர் மாவட்டத்தில் அது ஏன் இருந்தது என்று மேலும் ஒரு படி கேட்டால், நாம் 1911க்கும், அங்கிருந்து 1802க்கும், இறுதியில் 1763இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய ஒரு ஜாகீருக்கும் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. வடக்கெல்லையைப் பற்றி எழுதியோர் தொல்காப்பியப் பாயிரத்தையும் வேங்கட மலையையும் மேற்கோளாகக் காட்டிய அளவுக்கு இந்த நவாபுக்காலக் கோட்டைக் கவனிக்கவில்லை என்பதே நம் கருத்து.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 ஜனவரி முதல் நாளில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் வங்கக் கடலும். வடமேற்கே நகரி மலைத்தொடர். இவ்விரண்டுக்கும் இடையே நிலம் மெல்லச் சரிகிறது. திருத்தணி அச்சரிவின் மேல்முனையில் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடும் நந்தியாறு கொசஸ்தலை ஆற்றில் கலக்கிறது. கொசஸ்தலையோ பூண்டி நீர்த்தேக்கத்தில் தேங்கிச் சென்னைக்குக் குடிநீர் தந்து, எஞ்சியதை எண்ணூர்க் கழிமுகத்தில் கொண்டு சேர்க்கிறது. மழை இல்லாத மாதங்களில் மணற்பரப்பு. வடகிழக்குப் பருவமழையிலோ, மலைப்பக்கம் ஓரிரவு கொட்டினாலோ கரை தெரியாத வெள்ளம். இந்த இயல்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; 1780ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சொல்லும்போது அது தேவைப்படும்.

மனிதன் இவ்வாற்றங்கரைக்கு வந்த காலம் நம் எல்லாக் கணக்குகளுக்கும் முந்தியது. கொசஸ்தலைக் கரையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையன என 2011இல் வெளியான ஆய்வு அறிவித்தது. மாநில எல்லை எந்தப் பக்கம் என்ற கவலையின்றி அக்கருவிகளைச் செய்தவர்கள் இந்த ஆற்றையே நம்பி வாழ்ந்தனர்.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால், திருத்தணிக்குச் சிறப்பான சான்றுகள் உண்டு. பல்லவருள் இறுதியாக ஆண்ட அபராஜிதவர்மனின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நந்தியாற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் கற்றளியாக எழுப்பப்பட்டது. அதைக் கட்டிய நம்பி அப்பி என்பாரைப் புகழ்ந்து அரசனே பாடியதாகக் குறிக்கப்படும் வெண்பா ஒன்று அக்கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளது. அரசன் புலவனாகித் தன் குடிமகனைப் பாடுவது அரிய செய்தி. அதனினும் நமக்கு முக்கியமானது, வேங்கடத்தின் அடிவாரத்தில் அரசவைப் பாட்டு தமிழில் இருந்தது என்பது. 1977இல் திருத்தணிக்கு அருகிலுள்ள வேலஞ்சேரியில் அபராஜிதனுடையதும் முதலாம் பராந்தக சோழனுடையதுமான செப்பேடுகள் ஒருசேரக் கிடைத்தன. வென்ற குலத்தின் ஆவணமும் தோற்ற குலத்தின் ஆவணமும் ஒரே இடத்தில் காக்கப்பட்டிருந்தன.

கடற்கரை வாயில்

மலைப்புறத்தின் கதை இவ்வாறிருக்க, சரிவின் கீழ்முனையில் பழவேற்காடு வேறோர் உலகோடு தொடர்பு கொண்டிருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா, விஜயநகரத்துக்கு உட்பட்ட இத்துறைமுகத்தில் முஸ்லிம் வணிகர் மிகுதியாக இருந்ததையும், பர்மாவின் பெகு நாட்டு மாணிக்கங்கள் இங்கு வந்து குவிந்ததையும் குறித்துள்ளார். 1610இல் டச்சுக்காரர் இங்குக் காலூன்றினர். 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை பல்லாண்டுகள் சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமாக விளங்கிற்று. துணி ஏற்றுமதியால் அவர்கள் பெற்ற இலாபம் பலரும் எழுதியது. அதே துறையிலிருந்து பஞ்சகாலங்களில் அடிமைகளாக மனிதரும் ஏற்றுமதி செய்யப்பட்டனர் என்பது குறைவாகவே எழுதப்படுகிறது.

துணியைப் பற்றி ஒன்று சொல்லாமல் இவ்விடத்தைக் கடக்க மனமில்லை. மலாய் மக்கள் இன்றும் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது ‘புலிக்காட்’ ஆகிய பழவேற்காடேயன்றி வேறில்லை. துறைமுகத்தின் பெயரைத் துணி சுமந்துசென்றது. துறைமுகம் மணல் மூடிச் சிறுத்த பின்னரும் துணியின் பெயர் நிலைத்தது. அத்துணிகளை நெய்தவர் துறைமுகத்தில் மட்டும் இருந்தவரல்லர்; உள்நாட்டு நெசவூர்களே இவ்வணிகத்தின் ஊற்று. இன்றும் திருத்தணி, பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரம் தறியோசை கேட்கும் வட்டாரமாகவே இருந்துவருகிறது.

1763

இனி நம் பொருளின் நடுவுக்கு வருவோம். கர்நாடக நவாபின் ஆட்சிப்பரப்பு ஒரே சீரான நிர்வாகம் உடையதாக இருந்ததில்லை. அமில்தார்கள் மூலம் நேராக வரி தண்டப்பட்ட பர்கனாக்கள் ஒருபுறம். திறை செலுத்திவந்த பாளையங்கள் மறுபுறம். திருத்தணி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது கார்வேட் நகர் பாளையத்துக்கு உட்பட்டிருந்தது. அப்பாளையக்காரரின் குடும்பப் பட்டத்தைக் கொண்டு கம்பெனியார் அதைப் ‘பொம்மராஜு’ பாளையம் என்று தம் ஆவணங்களில் வழங்கினர். அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் பரந்திருந்த திருப்பாசூர், பெரம்பாக்கம், பொன்னேரி, காஞ்சிபுரம் முதலிய பகுதிகள் நவாபின் நேரடி வருவாய் நிலங்கள்.

பிரெஞ்சுக்காரரோடு நடந்த போர்களில் தமக்கு உதவியதற்கும், அப்போர்களால் ஏறிய கடனுக்குமாக, நவாப் முஹம்மது அலீ இந்த நேரடி வருவாய் நிலங்களை 1763இல் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலமும் அதை உறுதிசெய்தார். பிற்காலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதுவே அடித்தளம். நெடுங்காலம் அம்மாவட்டத்தை ‘ஜாகீர்’ என்றே அழைத்தனர். பாளையக்காரரின் நிலத்தை நவாப் ஜாகீராகக் கொடுக்கவில்லை. அது அவரது நேரடி வருவாய் நிலமன்று. எனவே ஜாகீர்க் கோடு திருத்தணியை வெளியே விட்டுவிட்டுத் தெற்கே வளைந்தது. அதேவேளை, தெலுங்கு பேசுவோர் மிகுந்த சத்தியவேட்டுப் பகுதி ஜாகீருக்குள் அடங்கிற்று. இக்கோட்டை வரைந்தவர்கள் எவர் என்ன மொழி பேசினர் என்று கேட்கவில்லை. எவர் யாருக்கு எவ்வளவு கட்டினார் என்பதே அவர்கள் கேட்டது.

1780–81இல் இக்கோட்டின் இருபுறமும் தீப்பற்றியது. ஹைதர் அலீ பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து கர்நாடகத்தில் இறங்கினார். கம்பெனியின் படைப்பிரிவு ஒன்றைக் குண்டூரிலிருந்து நடத்திவந்த கர்னல் பெய்லி, காஞ்சிபுரத்தில் ஜெனரல் மன்றோவுடன் இணைய வேண்டும் என்பது ஆணை. ஆகஸ்ட் 25ஆம் நாள் பெய்லி கொசஸ்தலையின் வடகரையை அடைந்தார். ஆறு ஏறக்குறைய வறண்டிருந்தது. உடனே கடந்திருக்கலாம், களைத்த படையை ஓய்வெடுக்கவிட்டு வடகரையிலேயே கூடாரமடித்தார். அவ்விரவே மலைப்பக்கம் மழை பெய்து ஆறு பெருகிற்று. செப்டம்பர் தொடக்கம் வரை, ஒரு வாரத்துக்கு மேல், அப்படை அக்கரை சேர இயலாமல் நின்றது. அந்த நாட்களில் திப்பு சுல்தான் தன் படையை நகர்த்திக்கொள்ள நேரம் கிடைத்தது. செப்டம்பர் 6ஆம் நாள் பெரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினார். 10ஆம் நாள் புள்ளலூரில் ஹைதரும் சேர்ந்துகொள்ள, பெய்லியின் படை முற்றாக அழிந்தது. பிழைத்தோர் கைதாகி ஸ்ரீரங்கப்பட்டினம் சென்றனர். பெய்லி 1782இல் அங்கேயே இறந்தார். தர்யா தவ்லத் மாளிகைச் சுவரில் தீட்டப்பட்டுள்ள போர்க்காட்சி இதுவே. மன்றோவின் படை இத்தனைக்கும் அதிகத் தொலைவில் இருக்கவில்லை.

மறுவருடம் கதை திரும்பியது. 1781 ஆகஸ்டில் சர் அயர் கூட் திருப்பாசூர்க் கோட்டையைக் கைப்பற்றி, அம்மாதம் 27ஆம் நாள் அதே புள்ளலூர்க் களத்தில் ஹைதரை எதிர்கொண்டார். செப்டம்பர் 27ஆம் நாள் திருத்தணிக்கு மேற்கேயுள்ள சோளிங்கரில் ஹைதருக்குப் பெரும் இழப்பு நேர்ந்தது. அதுவரை அவருக்குத் துணை நின்ற வடபுறப் பாளையக்காரர் சிலர் மெல்ல விலகலாயினர். கூட்டின் படையோ வென்றும் பட்டினி கிடந்தது. தானியம் தேடிப் பொம்மராஜு பாளையத்துக்குள் நுழைந்தது. திருத்தணி வட்டாரத்துக் குடியானவன் பார்வையில், முந்திய ஆண்டு வந்த படைக்கும் இந்த ஆண்டு வந்த படைக்கும் வேற்றுமை கொடியின் நிறம் மட்டுமே. ஹைதர் 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் காலமானார்.

நம் சமூகத்து எழுத்தாளர் சிலர் இப்போர்களை முஸ்லிம் மன்னர் ஒருவர் அந்நியரை எதிர்த்த காவியமாக மட்டும் எழுதுவர். அது முழு உண்மையன்று. எதிரணியில் இருந்தவரும் ஒரு முஸ்லிம் நவாபே. அவரது சிப்பாய்களிலும் கம்பெனியின் சிப்பாய்களிலும் முஸ்லிம்கள் இருந்தனர். கம்பெனிக்கு உணவு கிடைக்காமற் செய்வதற்காக ஹைதரின் குதிரைப்படை ஜாகீர்க் கிராமங்களை எரித்து, கால்நடைகளைக் கவர்ந்து, குடிகளை விரட்டியது. ஏரிகள் பழுதடைந்தன; ஊர்கள் பாழ்பட்டன. நெல் விளைந்த பல வயல்கள் அடுத்த பத்தாண்டுகளிலும் தரிசாகக் கிடந்தன. ஹைதரின் போர்த்திறனை மெச்சுவது ஒன்று. அதன் விலையை யார் கொடுத்தார் என்பதை மறைப்பது வேறொன்று. மறுபுறம், பாழடைந்த நிலத்திலும் முழு வரியைக் கறக்க முனைந்த கம்பெனியின் கணக்கையும் அதே தராசில் வைக்கத்தான் வேண்டும்.

மாவட்டமான பாளையம்

1792 உடன்படிக்கைப்படி பாளையக்காரரின் திறையைத் தானே தண்டும் உரிமையைக் கம்பெனி பெற்றது. 1801இல் கர்நாடகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1802இல் கார்வேட் நகர், காளஹஸ்தி, வெங்கடகிரி ஆகிய பாளையங்கள் நிரந்தரத் தீர்வை பெற்ற ஜமீன்களாயின. திருத்தணி இவ்வாறு வட ஆர்க்காட்டு மாவட்டத்துக்குள் ஒரு ஜமீன் பகுதியாக நின்றது. செங்கல்பட்டோடு அதற்கு நிலத்தொடர்ச்சி இருந்தும் நிர்வாகத் தொடர்பு இல்லை. 1911 ஏப்ரல் முதல் நாள் வட ஆர்க்காட்டின் வடபகுதியைப் பிரித்து, கடப்பை முதலிய மாவட்டங்களின் சில வட்டங்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, கார்வேட் நகர் ஜமீனோடு திருத்தணியும் அங்குச் சென்றது. அன்று இதைப் பெரிதாக எண்ண எவருக்கும் காரணமில்லை. சித்தூரும் சென்னை மாகாணம், செங்கல்பட்டும் சென்னை மாகாணம்.

1953இல்தான் அதன் விலை தெரிந்தது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைத் தொடர்ந்து ஆந்திர மாநிலம் அமைக்கப்பட்டபோது, மாவட்டமே பிரிவினையின் அலகாகக் கொள்ளப்பட்டது. பெல்லாரியில் மட்டும் வட்டம் வட்டமாகப் பிரித்தனர். சித்தூருக்கு அந்த நீதி கிட்டவில்லை. ம.பொ. சிவஞானம் தலைமையிலான தமிழரசுக் கழகமும், அதற்கு முன்பிருந்தே ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிகளை வளர்த்துவந்த மங்கலங்கிழாரும், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் முதலியோரும் நடத்திய கிளர்ச்சி மறியல்களாகவும் இரயில் நிறுத்தங்களாகவும் வெளிப்பட்டது. பலர் சிறை சென்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. மங்கலங்கிழார் திருத்தணி மீண்டதைக் காணாமலேயே 1953இல் மறைந்தார்.

பின்னர் எச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவர் கொண்ட நெறி எளிமையானது, ஆயினும் ஆழமானது: மாவட்டமன்று, கிராமமே அலகு, அக்கிராமத்தில் எம்மொழியினர் மிகுதி, அது எந்த நிலத்தோடு தொடர்ந்து கிடக்கிறது என்பனவே கேள்வி. 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டத்தின் மிகப் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. வந்தது ஏறத்தாழ 405 சதுர மைல். போனது 326 சதுர மைல்.

இப்பரிமாற்றத்தில் கைமாறிய இரு பெரும் பகுதிகளை மீண்டும் பார்க்க வேண்டும். நவாபின் ஜாகீருக்கு வெளியே நின்றதால் திருத்தணி ஆந்திரத்துக்குப் போயிற்று. ஜாகீருக்கு உள்ளே நின்றதால் சத்தியவேடு சென்னையோடு தங்கிற்று. 1960இல் இரண்டும் இடம் மாறின. அதாவது, படாஸ்கர் திருத்தியது 1953ஆம் ஆண்டின் தவற்றை மட்டுமன்று. 1763ஆம் ஆண்டின் ஒரு வருவாய்க் கோட்டையே அவர் மொழிக்கோடாக மாற்றி வரைந்தார். கிளர்ச்சி மேடைகளில் சங்க காலமும் பல்லவர் காலமும் முழங்கியதில் தவறில்லை; மக்களின் நெஞ்சை அவையே தொடும். ஆனால் ஊரின் தலைவிதியை எழுதிய ஆவணம் ஓலையிலும் கல்லிலும் இல்லை; பாரசீகத்தில் இருந்தது.

அந்தப் பாரசீக ஆவணங்களைப் படிக்கும் தமிழர் இன்று எத்தனை பேர்? வாலாஜா நவாபின் வரலாறான ‘துஸுக்கே வாலாஜாஹீ’யைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறையில் பணியாற்றிய முஹம்மது ஹுஸைன் நைனார் ஆங்கிலத்தில் பெயர்த்து 1930களில் வெளியிட்டார். தென்னாட்டைப் பற்றிய அரபுப் புவியியலாரின் குறிப்புகளைத் தொகுத்தவரும் அவரே. அவர் வகுத்த வழியில் பின்னர் நடந்தோர் சிலரே. இத்துறை தமிழ் முஸ்லிம்களின் தனி அக்கறையாக ஒதுக்கப்பட்டுவிட்டது; தமிழ்நாட்டு நிலவரலாற்றின் பொதுச்சொத்தாக அது கருதப்படவில்லை. தாலுகா, வசூல், ஜமாபந்தி, மராமத்து என்று நாள்தோறும் வழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்றேனும் நாம் எண்ணலாம். நம் தந்தையர் வழங்கிய ‘ஜில்லா’ என்பது ‘விலா எலும்பு’, ‘பக்கம்’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு. வருவாய்த் துறை இன்றும் ஜூலை முதல் நாளில் தொடங்கும் பசலி ஆண்டைக் கொண்டே கணக்கெழுதுகிறது. திருத்தணி வட்டாட்சியர் அலுவலகமும் அதற்கு விலக்கன்று.

எல்லை திருத்தப்பட்டதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கங்களில் தமிழ் பேசுவோர் ஆந்திரத்தில் தங்கினர். பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டங்களில் தெலுங்கு பேசுவோர் தமிழ்நாட்டில் தங்கினர். இந்நிலத்தின் இயல்பே இதுதான். 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன் வீட்டில் தெலுங்கு பேசியவர்; திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் கற்றவர். 1962இல் குடியரசுத் தலைவரான அவர், 1967இல் அப்பொறுப்பை டாக்டர் ஜாகிர் ஹுஸைனிடம் ஒப்படைத்து விடைபெற்றார். அவரைத் தமிழர் என்பதா தெலுங்கர் என்பதா என்று வாதிடுவோரைக் காண்கையில், திருத்தணியை அறிந்தவர்க்குச் சிரிப்பே வரும்.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியபோது, எல்லையோரத் தெலுங்குப் பள்ளிகளும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி உருதுப் பள்ளிகளும் ஒரே இக்கட்டில் நின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய நிலையில் சிறுபான்மை மொழி மாணவர்கள் நீதிமன்றம் சென்றே விலக்குப் பெற நேர்ந்தது. தமிழ் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. இங்கு வாழும் எவர் பிள்ளையும் தமிழில் தேர்ச்சி பெறுவது அப்பிள்ளைக்கே நன்மை. ஆனால் ஆந்திரப் பள்ளிகளில் தமிழ் படிக்க ஆசிரியர் இல்லை என்று நகரித் தமிழர்க்காக நாம் வருந்தும் அதே குரலில், பள்ளிப்பட்டுத் தெலுங்குக் குழந்தைக்கும் வாணியம்பாடி உருதுக் குழந்தைக்கும் பேச வேண்டியிருக்கிறது. 1953இல் திருத்தணி மக்கள் கேட்டதும் இந்த உரிமையைத்தானே?

ஆற்றுக்கு இவ்வழக்குகள் தெரியா. கொசஸ்தலையின் மேற்பகுதியில் ஆந்திர எல்லைக்குள் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் இருக்கிறது. பெருமழையில் அது திறக்கப்படும்போது பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. 2022இல் ஆந்திர அரசு சித்தூரைப் பிரித்துத் திருப்பதி மாவட்டத்தை அமைத்தபோது சத்தியவேடு அப்புதிய மாவட்டத்துக்குப் போயிற்று. நவாபின் ஜாகீரில் தொடங்கி, செங்கல்பட்டு, சித்தூர் என மாறிவந்த அவ்வூருக்கு இது மற்றுமொரு தலைமையிடம்.